பெயருக்கு முன்னால் எதைப் போடுவது?

எங்கள் ஊர்க் கலை மன்றத்தின் அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் எழுதி, மெய்ப்புப் பார்த்து, அச்சகத்துக்கு அனுப்பும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. மேடை வசதியிலும் சன்மானத்திலும் குறை இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளும் கலைஞர்கள், தம் பெயருக்கு முன்னால் அச்சாகும் ஓர் அடைமொழியால் மனம் நோவதை இந்த வேலையில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய வருத்தம் பெரும்பாலும் நியாயமானது என்றே நினைக்கிறேன். குறிப்பாகப் பெண் கலைஞர்களை நாம் எப்படிக் குறிப்பிடுகிறோம் என்பதை இன்னும் கொஞ்சம் கவனத்தோடு யோசிக்க வேண்டியிருக்கிறது.

பலரும் 'நடிகர்' ஆண்பால், 'நடிகை' பெண்பால் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தமிழின் அமைப்பில் அது சரியன்று. நடிகை என்ற சொல்லுக்கு இணையான ஆண்பாற்சொல் 'நடிகன்' என்பதுதான். 'நடிகர்' என்பதிலுள்ள 'அர்' பலர்பால் விகுதி. ஒருவரைக் குறிக்க வரும்போது அது மரியாதையைக் காட்டுகிறது. ஆசிரியர், மருத்துவர், எழுத்தாளர், கலைஞர் என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொற்களெல்லாம் இப்படி அமைந்தவைதாம். அவற்றைக் கேட்டவுடன் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கத் தேவையும் இல்லை. 'ஒருவர்' என்ற சொல் இருபாலுக்கும் உரியது என்று தொல்காப்பியமே விதி வகுத்திருக்கிறது. அப்படியிருக்க, ஆணுக்கு மட்டும் மரியாதை விகுதியோடு 'நடிகர்' என்றும், பெண்ணுக்கு அந்த விகுதி இல்லாமல் 'நடிகை' என்றும் எழுதும் பழக்கம் எப்படியோ ஊன்றிவிட்டது. முன்னணியில் இருக்கும் ஓர் ஆணை 'நடிகன்' என்று எந்த நாளிதழும் எழுதத் துணியாது. 'நடிகை இவ்வாறு கூறினார்' என்று எழுதும்போது வினைமுற்றில் மரியாதை வந்துவிடுகிறதே என்பார்கள். வினைக்குக் கொடுக்கிற மரியாதையைத் தொழிற்பெயருக்கும் கொடுப்பதில் என்ன தடை இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. தென்னிந்திய நடிகர் சங்கத்தில் பெண்களும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். அந்தப் பெயர் அவர்களை வெளியே நிறுத்துவதாக யாரும் சொன்னதில்லை. ஆகவே பெண்ணை 'நடிகர்' என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய வழக்கன்று.

எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாக்களில் இன்றும் ஸ்பெஷல் நாடகம் போடுகிறார்கள். வள்ளி திருமணமோ பவளக்கொடியோ இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்கும். அதன் நோட்டீஸில் கலைஞர்களின் புகைப்படங்களும், ஊர்ப்பெயரோடு சேர்ந்த பெயர்களும், ஒவ்வொருவரும் ஏற்கும் 'பார்ட்'டும் இருக்கும். ராஜபார்ட் (கதாநாயக வேடம்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம் என்று வேலையை வைத்தே வரிசை பிரிகிறது. ஸ்திரீபார்ட் என்பது மேடையில் ஏற்கும் வேடத்தைச் சொல்லுமே தவிர, வேடம் ஏற்பவர் யார் என்பதைச் சொல்லாது. சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளின் காலத்தில் சிறுவர்களே அந்தப் பார்ட்டைக் கட்டினார்கள். சிவாஜி கணேசனும் சிறுவயதில் சீதையாக மேடையேறியவர்தான்.

ஸ்திரீபார்ட்டில் நெடுங்காலம் அனுபவமுள்ள ஓர் அம்மையாரிடம் நோட்டீஸுக்கான விவரம் கேட்கச் சென்றிருந்தேன். பழைய நோட்டீஸ் ஒன்றில் தம் படத்துக்குக் கீழே 'பிரபல நாடக நடிகை' என்று இருந்ததை நகத்தால் சுட்டிக்காட்டினார். "இத மட்டும் எடுத்துருங்க தம்பி. ஸ்திரீபார்ட்டுன்னு போடுங்க, இல்லைன்னா நாடகக் கலைஞர்னு போடுங்க. நடிகைன்னு இருக்குற நோட்டீஸப் பாத்துட்டுத்தான் முன்னாடி இருந்த வீட்டுக்காரரு காலி பண்ணச் சொன்னாரு" என்றார். உடன் நடிக்கும் ராஜபார்ட் கலைஞருக்கு வீடு கிடைப்பதில் அப்படித் தொல்லை வந்ததில்லையா என்று கேட்டேன். "அவர நடிகருன்னு சொல்லுவாங்க. நம்மளச் சொல்லும்போது அந்தச் சொல்லே வேற மாதிரி இருக்கும்" என்றார். இலக்கணத்தால் நான் சுற்றிவளைத்துச் சொல்லும் செய்தியை அவர் வாடகை வீட்டை வைத்துச் சொல்லி முடித்துவிட்டார்.

மேடை வரலாற்றைப் பார்த்தால், கலைஞரின் பாலுக்கும் வேடத்தின் பாலுக்கும் நம் ரசிகர்கள் முடிச்சுப் போட்டதில்லை என்பது தெரியும். டி. கே. சண்முகம் நாடகத்தில் ஔவையாராக நடித்து, அந்த வேடத்தின் பெயரையே வாழ்நாள் முழுவதும் 'அவ்வை சண்முகம்' என்று பெருமையோடு தாங்கினார். கே. பி. சுந்தராம்பாள் 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்காக அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் அந்நாளில் ஊரெல்லாம் பேசப்பட்டது. அதே சுந்தராம்பாள் 1953-இல் திரைப்பட ஔவையாராகவும் வந்தார். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரே மூதாட்டியின் வேடத்தால் புகழ்பெற்ற ஒரு நாட்டில், நடிப்பின் பெயரை மட்டும் இரண்டாகப் பிரித்து ஒன்றை ஒரு படி கீழே வைக்க வேண்டியதில்லை.

கர்நாடக இசை அரங்கில் சிக்கல் வேறு வடிவத்தில் இருக்கிறது. பழைய கச்சேரி அழைப்பிதழ்களில் ஆண்களின் பெயருக்கு முன்னால் 'சங்கீத வித்வான்' என்றும், பெண்களின் பெயருக்கு முன்னால் 'ஸ்ரீமதி' அல்லது 'குமாரி' என்றும் இருக்கும். முன்னது அவர் கற்றதைச் சொல்கிறது. பின்னது அவருக்குத் திருமணம் ஆயிற்றா இல்லையா என்பதைச் சொல்கிறது. தோடி ராகத்தை ஒரு மணி நேரம் விரித்துப் பாடுபவரைப் பற்றி ரசிகருக்குத் தெரிய வேண்டிய முதற்செய்தி அதுவா? இப்போது வித்வானுக்கு இணையான பெண்பாற்சொல்லாக 'விதுஷி' என்று போடுகிறார்கள். அது எவ்வளவோ மேல். சங்கீத கலாநிதி, கலைமாமணி போன்ற பட்டங்களில் இந்தத் தொல்லையே இல்லை. 1968-இல் எம். எஸ். சுப்புலட்சுமி முதல் பெண்ணாகச் சங்கீத கலாநிதி பெற்றபோது அந்தப் பட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. நடனத்துக்குத் தாளமிட்டு ஜதி சொல்லி நடத்தும் நட்டுவாங்கம் ஆண்களின் தொழிலாக இருந்த காலத்தில் அதில் நுழைந்த கே. ஜே. சரசாவும் 'நட்டுவனார்' என்ற பெயராலேயே அறியப்பட்டார்.

இதைவிட எனக்குப் பிடித்தது, வாத்தியத்தின் பெயரையே அடைமொழியாக்கும் நம் பழைய முறை. வீணை தனம்மாள் என்று சொன்ன மாத்திரத்தில் விரலும் தந்தியும் நினைவுக்கு வருகின்றனவே ஒழிய வேறெதுவும் குறுக்கே வருவதில்லை. மதுரை பொன்னுத்தாயியின் பெயரோடு நாகஸ்வரமும், திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாளின் பெயரோடு மிருதங்கமும் அப்படித்தான் சேர்ந்து நிற்கின்றன. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் பயின்ற ரங்கநாயகி அம்மாளை இன்றைய வழக்கப்படி 'பெண் மிருதங்கக் கலைஞர்' என்று அறிமுகம் செய்தால், அந்த முதற்சொல் அவருடைய கையை விட்டுவிட்டுப் புடவையைப் பார்க்கச் சொல்கிறது. வரலாற்றுக் கட்டுரையில் 'முதல் பெண்' என்று எழுதுவது தேவையான தகவல். ஒவ்வொரு கச்சேரிக்கும் அந்த 'பெண்' கூடவே வருவது தேவையற்றது. இளைய கலைஞர்கள் பலர் இதை என்னிடமே சொல்லி வருந்தியிருக்கிறார்கள். நர்த்தகி நடராஜுக்கு 'நர்த்தகி' என்ற பெயரைச் சூட்டியவர் அவருடைய குரு தஞ்சை கிட்டப்பா பிள்ளை. ஆடுபவள் என்ற பொருளுடைய பெயரைக் குருவின் வாயால் பெற்று, 2019-இல் பத்மஸ்ரீயும் பெற்ற ஒரு பரதக் கலைஞரைப் பற்றிய செய்திகள், அவருடைய நடனத்துக்கு முன்பாக அவர் திருநங்கை என்பதைச் சொல்லித் தொடங்குவதைப் பார்க்கும்போதும் எனக்கு இதே எண்ணம் வருகிறது. தம் வாழ்க்கையைப் பற்றி எங்கே, எவ்வளவு பேசுவது என்பதைக் கலைஞரே முடிவு செய்ய வேண்டும்.

பெண்பாற்சொல் எல்லாமே இழிவு என்று நான் சொல்ல வரவில்லை. சங்க இலக்கியத்தில் பாணனோடு, பாடும் பாடினியும் ஆடும் விறலியும் தம் பெயரோடுதான் நிற்கிறார்கள். பேய்மகள் இளவெயினி பாடிய புறநானூற்றுப் பாட்டில் பாடினி பொன்னணி பெறுகிறாள், பாணன் வெள்ளி நாரால் தொடுத்த பொற்றாமரை பெறுகிறான். பரிசில் பெறும் வரிசையிலும் பாடினியே முதலில் வருகிறாள். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டு, கோயிலில் ஆடல் பாடல் பணிசெய்த 400 தளிச்சேரிப் பெண்டுகளையும் பெயர் பெயராகச் சொல்லி, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீட்டில் குடியிருப்பவர் என்பதையும் குறித்து, ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று பங்கு வகுக்கிறது. கோயில் பணிக்குரிய பெண்களைக் குறித்து, கல்வெட்டுகளில் மதிப்போடு வரும் 'தேவரடியார்' என்ற பெயர், மரியாதை விகுதி இருந்தும், பின்னாளில் வசைச்சொல்லாகச் சிதைந்துபோனது. விகுதி மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு அதைவிட வேதனையான சான்று எனக்குத் தெரியவில்லை.

மேலை நாடுகளில் இந்த விவாதம் பரிசுகளைச் சுற்றி நடக்கிறது. பெர்லின் திரைப்பட விழா 2021 முதல் ஆண், பெண் பிரிவை நீக்கி, முதன்மை நடிப்புக்கும் துணை நடிப்புக்கும் இருபாலுக்கும் பொதுவான பரிசுகளை வழங்குகிறது. இங்கே பரிசுகளை ஒன்றாக்கினால் பெண்களுக்குக் கிடைக்கும் இடமும் குறைந்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு; எனவே அதை இதோடு சேர்த்துப் பேச விரும்பவில்லை.

எங்கள் மன்றத்தில் இப்போது கலைஞர்களுக்கு அனுப்பும் ஒப்புதல் படிவத்தில், 'தங்கள் பெயருக்கு முன்னால் எதை அச்சிட வேண்டும்?' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். நடிகர் என்று எழுதியனுப்பிய பெண்கள் இருக்கிறார்கள். கலைஞர் என்று கேட்டவர்கள் அவர்களைவிட அதிகம். ஒரு மூத்த அம்மையார் மட்டும் 'நாடக நடிகை' என்றே எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார். உறுதி செய்துகொள்வதற்காகத் தொலைபேசியில் அழைத்தேன். "எங்க கம்பெனியில பெண் வேஷத்துக்கு ஆம்பளைங்கதான் இருந்தாங்க தம்பி. நான் சண்டை போட்டு உள்ள வந்தேன். அந்தப் பேர எடுத்துராதீங்க" என்றார். அவருக்கு அப்படியே போட்டோம். அதே பக்கத்தில் அடுத்த படத்துக்குக் கீழே 'நாடக நடிகர்' என்று இன்னொரு பெண்ணின் பெயர் வந்தது. இரண்டும் ஒரே நோட்டீஸில் முரணாகத் தெரிகின்றனவே என்று அச்சகத்தில் கேட்டார்கள். இருவரும் கேட்டபடிதான் இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்று சொல்லி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.