வின்னிப்பெக் குளிரிலும் சிவக்கும் அமூர் மேப்பிள்

மைனஸ் 40 டிகிரிக்கு இறங்கும் கனடாவின் வின்னிப்பெக்கில் ஜப்பானிய மேப்பிள் பிழைக்காது. அந்த ஆசையை விட்டுவிட்டு அமூர் மேப்பிள் வையுங்கள். மஞ்சூரியா, கொரியா பக்கத்து மரம். பெரும்பாலும் 6 மீட்டருக்குள் நின்றுவிடும், சின்ன முற்றத்துக்குக் கச்சிதம். செப்டம்பரில் மற்ற மரங்கள் பச்சையாக இருக்கும்போதே இது சிவக்கத் தொடங்கும்.

விதையில் வளர்ந்த கன்றுகள் எல்லாம் ஒரே மாதிரி சிவப்பதில்லை. சில வெறும் மஞ்சளோடு நின்றுவிடும். அதனால் நாற்றுப்பண்ணைக்கு வசந்தத்தில் போகாதீர்கள். செப்டம்பரில் போய், கண்ணெதிரே சிவந்து நிற்கும் கன்றை எடுங்கள்.

குழியின் அகலம் வேர்ப்பந்தைப் போல் இரண்டு, மூன்று மடங்கு. ஆழம் வேர்ப்பந்தின் உயரத்துக்கு மேல் வேண்டாம். அடிமரம் விரிந்து வேராக மாறும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அது புதைந்தால் சில ஆண்டுகளில் வேர் அடிமரத்தைச் சுற்றி நெரித்துவிடும். தொட்டியில் வட்டமடித்த வேர்களை நடும்போதே வெட்டிவிடுங்கள். வேரடி மண்மேல் பரப்பும் மூடாக்கு (மரச்சீவல் போன்றவை) 5 முதல் 8 சென்டிமீட்டர் போதும், தண்டைத் தொடக் கூடாது.

இங்கே இந்த மரத்துக்குப் பெரிய எதிரி குளிரல்ல, மண். ஜூனில் இலை வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சை வலைபோலத் தெரிந்தால் அது சத்துப் பூட்டு. காரத்தன்மையுள்ள களிமண்ணில் இரும்பும் மாங்கனீசும் இருந்தும் வேருக்குக் கிடைப்பதில்லை. உலர்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு அதிகம். கந்தகம் போட்டுக் காரத்தைக் குறைக்கும் முயற்சி வீண். இரும்பு சல்பேட்டும் அந்த மண்ணில் சீக்கிரமே பூட்டிக்கொள்ளும். கீலேட் என்பது மண்ணில் பூட்டிக்கொள்ளாதபடி பிணைத்த இரும்பு; அதில் ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகையைத்தான் வாங்க வேண்டும்; மலிவாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை காரமண்ணில் நிற்காது. பொட்டலத்தில் உள்ள அளவில் கரைத்து, இலை விரியும் சமயத்தில் வேரடியில் ஊற்றுங்கள். புதுத்தளிரும் வெளுத்தே வந்தால் மாங்கனீசுக் குறையாக இருக்கலாம்; மண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். ஈரம் தேங்கினால் இந்த நோய் முற்றும். விரல் விட்டுப் பார்த்து, காய்ந்த பிறகே தண்ணீர்.

நல்ல சிவப்புக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். பகலில் வெயில், இரவில் உறையாத குளிர் என்று இருந்தால் இலையில் தங்கும் சர்க்கரையிலிருந்து செந்நிறமி கூடும். ஜூலைக்குப் பிறகு தழைச்சத்து உரம் கூடாது. பக்கத்துப் புல்தரைக்குப் போடும் உரமும் இதில் அடக்கம். தளிர் விட்டுக்கொண்டே இருந்தால் நிறமும் வராது, நுனிகளும் பனியில் கருகும்.

கவாத்தை இலைகள் முற்றிய கோடை நடுவில் செய்யுங்கள். வசந்தத்தில் வெட்டினால் சாறு ஒழுகும்.

ஆற்றங்கரை, காட்டோரம் என்றால் இந்த மரமே வேண்டாம். சிறகு விதைகள் காற்றில் பறந்து காட்டுக்குள் முளைத்துவிடும். முற்றத்தில் முளைப்பவை புல் வெட்டும்போதே போய்விடும். வேலியோரத்துக் கன்றுகளை மட்டும் ஈர மண்ணில் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.