எட்டு காலி பாக்கெட்டுகள்

"எட்டையும் குடித்தீர்களா அம்மா?" நான் கேட்டது இவ்வளவுதான். 2018-இல் கேட்டேன். கேட்ட தொனி இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

வாரத்துக்கு ஒரு பாக்கெட், பாலில் கலந்து, எட்டு வாரம். ஒவ்வொன்றிலும் 60,000 யூனிட் வைட்டமின் டி. வைட்டமின் ஆய்வில் சேர்ந்த அன்று அவர் ரத்தத்தில் அதன் அளவு மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம், முடிவில் 14. குறைந்தது 20 இருக்க வேண்டும். தாளைப் பார்த்ததும், இவர் குடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட சிறு கட்டை எடுத்து மேசையில் வைத்தார். எட்டு காலி பாக்கெட்டுகள், ஒரே அளவாக மடித்தவை. ஒவ்வொன்றின் மூலையிலும் பேனாவால் தேதி. "கேட்பீர்கள் என்று தெரியும் சிஸ்டர்" என்றார்.

நான் வேலை பார்ப்பது எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில். அங்கே மீதி மாத்திரையை எண்ணுவது எங்கள் அன்றாட வேலை. சாப்பிட்ட அளவு 95 சதவீதத்துக்குக் கீழே போனால் உட்காரவைத்துப் பேசுவோம். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்கு அடங்காமல் போய்விடும். அங்கே சந்தேகப்படுவது கடமை என்று இன்றும் நம்புகிறேன். அந்தப் பழக்கம்தான் வைட்டமின் தாளைப் பார்த்தபோதும் வாயில் வந்தது.

இத்தனைக்கும், குடித்தும் சிலருக்கு அளவு ஏன் ஏறுவதில்லை என்பதைப் பற்றியதுதான் ஆய்வே. வைட்டமின் டி-யை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதத்துக்கான ஜிசி மரபணு எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. அதனால் ஒரே பாக்கெட் ஒருவருக்கு மளமளவென்று ஏறும், இன்னொருவருக்கு நகராது. போதாததற்கு, அவர் இரவில் போட்டுவந்த எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மாத்திரை வைட்டமின் டி-யைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடும். சம்மதப் படிவத்தைப் படித்து இதையெல்லாம் அவருக்கு விளக்கியதே நான்தான்.

தடுமாறிப்போய், "சிலருக்குப் பிறவியிலேயே சரியாக ஏறாது அம்மா" என்றேன்.

"அப்படியானால் என் தப்பில்லையா?"

"இல்லை."

அந்த 'இல்லை'யைச் சொல்ல என்னிடம் ஆதாரம் இருக்கவில்லை. மரபணு முடிவுகள் மாதக்கணக்கில் கழித்து, வெறும் எண்களாக வந்தன. தனிநபர் முடிவைத் தெரிவிப்பதில்லை என்பது படிவத்திலேயே உண்டு. அவரிடம் அந்த வேறுபாடு இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. எல்லாம் எஃபாவிரென்ஸ் செய்த வேலையாகவும் இருக்கலாம்.

ஆனால், கணவர் மூலம் வந்த நோய்க்கு மாமியார் வீட்டில் பத்து வருடம் பழி சுமந்தவரிடம் வேறு எதைச் சொல்வது? சொன்னது சரி என்று சில நாள் தோன்றும். மன்னிப்புக் கேட்கக் கூசி மரபணுவின் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று சில நாள் தோன்றும்.

எழுந்தவர் வாசலில் நின்றார். "பிறவியிலேயே என்றால், என் மகளுக்கும் வருமா சிஸ்டர்?"

18 மாதத்துப் பரிசோதனையில் அந்தக் குழந்தைக்கு எச்.ஐ.வி. இல்லை என்று உறுதியான அன்று, இதே மேசையில் தலை சாய்த்து அழுதவர் அவர். பயப்பட ஒன்றுமில்லை, இது அந்த மாதிரி விஷயம் இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

காலி பாக்கெட்டுகளை அவர் எடுத்துப்போகவில்லை. ஆய்வுப் படிவத்தில் 'மீதி' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பூஜ்யம் என்று எழுதினேன்.