தாது வருஷப் பஞ்சமும் கொடைக்கானல் சூரிய ஆய்வகமும்

மதுரை ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ் ஏறும் எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான், ஏரியைச் சுற்றியது போக நேரம் இருந்தால் மேலே சூரிய ஆய்வகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அதன் கதை நம் ஊர்ப்பக்கத்துப் பசியில் தொடங்குகிறது. நம் பாட்டிமார் சொல்லும் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. மழை ஏன் பொய்த்தது, சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அப்போது வலுவாக எழுந்தது, சூரியனைத் தினமும் கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்றார்கள், சென்னையில் வானாய்வகம் ஏற்கெனவே இருந்தாலும் தெளிவான வானம் தேடி மலைக்கு வந்தார்கள். வானியலாளர் சார்லஸ் மிச்சி ஸ்மித் தேர்ந்தெடுத்தது கொடைக்கானல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர். 1901-இல் சூரியனைக் கவனிக்கும் பணி தொடங்கியது. அப்போது மோட்டார் போகும் மலைச்சாலையே கிடையாது!

அப்புறம் 1909 ஜனவரி. அங்கே பணியாற்றிய வானியலாளர் ஜான் எவர்ஷெட் கரும்புள்ளியின் நிறமாலையை, அதாவது அதன் ஒளி நிறம் நிறமாகப் பிரிந்த பட்டையை, படமெடுத்துப் பார்க்கிறார், அதிலுள்ள கோடுகள் லேசாக இடம் மாறியிருக்கின்றன, வாயு நகர்ந்தால்தான் கோடுகள் அப்படி நகரும், அதாவது புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுகிறது. இன்றும் உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். நம் மலையில் கண்டுபிடித்தது. எனக்கு அதில் அவ்வளவு பெருமை.