சமாரியனின் மறுநாள்

வழியில் கள்ளரிடம் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையை, இயேசு சொன்ன அந்த உவமையை, பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டுகிற இடத்தோடு பிரசங்கம் முடிந்துவிடும். ஆசாரியன் விலகிப் போனான், ஆலயப் பணி செய்கிற லேவியன் விலகிப் போனான், அந்நியன் ஒருவன் நின்றான், ஆமென். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் கதை அங்கே முடியவில்லை. அடிபட்டவனைச் சமாரியன் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான். அங்கே வைத்துப் பராமரிக்கிறான். மறுநாள் கிளம்பும்போது சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுக்கிறான். ஒரு பணம் ஒரு நாள் கூலி என்பது திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையிலிருந்து நமக்குத் தெரியும். ஆக, இரண்டு நாள் சம்பாத்தியம். அப்புறம், இவனை விசாரித்துக்கொள், கூடச் செலவானால் நான் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான்.

திரும்பி வருவேன் என்கிறான் பாருங்கள். அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

என் கணவருக்குப் பக்கவாதம் வரும்வரை அந்த வரியை நானும் வேகமாகத்தான் வாசித்துக் கடந்திருக்கிறேன். மூளையின் இடப்பக்கம் அடிபட்டதில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன, கூடவே பேச்சும் போனது. அஃபேசியா என்று மருத்துவர் சொன்னார். புத்தி தெளிவாக இருக்கும், சொல்ல வேண்டியது மனசுக்குள் இருக்கும், சொல் மட்டும் வராது. முப்பது வருஷம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாமல் கட்டில் சட்டத்தைத் தட்டினார்.

முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள். நாற்காலி போதவில்லை. ஜெபித்தார்கள், கண்ணீர் விட்டார்கள், எது வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள் என்று கையைப் பிடித்துச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை, அன்றைக்கு அவர்கள் மனசில் அது நிஜம்தான். ஆனால் தயங்காமல் கேள் என்கிற வார்த்தையில், யாரிடம் எதைக் கேட்பது என்று யோசிக்கிற வேலையும் நோயாளி வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது. அந்த நாட்களில் எனக்கு யோசிக்கிற தெம்பே கிடையாது. மூன்றாவது மாதம் அழைப்பு மணி அடிப்பது அநேகமாக நின்றுபோனது. தப்புச் சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது.

அந்த மூன்றாவது மாதத்தில்தான் எங்கள் பாடகர் குழுவில் இருக்கிற ஒரு அக்கா வந்தார். உட்கார்ந்ததும் நலம் விசாரிக்கவில்லை. "ஒரு நாளில் உனக்கு ரொம்பக் கஷ்டமான நேரம் எது?" என்று கேட்டார். அதுவரைக்கும் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. மத்தியானம் என்றேன். படுக்கையில் இருக்கிறவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வந்துவிடும். ராத்திரியெல்லாம் அலாரம் வைத்து எழுந்து எழுந்து, மத்தியானம் ஆனால் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். "சரி, வியாழக்கிழமை மத்தியானம் என்னுடையது, நீ போய்த் தூங்கு" என்றார். எப்படிப் புரட்டுவது, முழங்காலுக்கு நடுவில் தலையணையை எங்கே வைப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பின்னல் வேலையை எடுத்துவைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அடுத்த அறையில் செத்தமாதிரி தூங்கினேன். அடுத்த வியாழனும் வந்தார். அதற்கடுத்த வியாழனும்.

எரிகோவுக்கு வெளியே பர்திமேயு கத்தியபோது இயேசு என்ன செய்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். கண் தெரியாதவன், வழியோரம் பிச்சை எடுக்கிறவன். அவனுக்கு என்ன வேண்டும் என்று கூட்டத்தில் எவனுக்கும் தெரியும். ஆனாலும், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார். தன் தேவையைத் தன் வாயால் சொல்கிற மரியாதை அவனுக்குக் கிடைக்கிறது. யவீருவின் மகள் எழுந்தபோதும் அப்படித்தான். பன்னிரண்டு வயசுப் பெண், செத்துப் பிழைத்திருக்கிறாள், வீடே பிரமித்து நிற்கிறது. இயேசு மட்டும் அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். அற்புதம் நடந்த வீட்டிலும் பிள்ளைக்குப் பசிக்கும் என்பது அவருக்கு மட்டும்தான் ஞாபகம் வந்தது.

இன்னொருவர் எங்கள் சபை மூப்பர், வயதானவர், அதிகம் பேசாதவர். அவர் என் கணவருடைய மடங்கிப் போன வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதத்தில் விரல்கள் உள்பக்கமாக இறுகிவிடும். நகம் கொஞ்சம் வளர்ந்தாலும் உள்ளங்கையைக் குத்திப் புண்ணாக்கிவிடும். நான் வெட்டப் போனால் அவர் வலியில் கையை இழுப்பார், எனக்கும் பயம். மூப்பர் அடுத்த தடவை வரும்போது சட்டைப் பையில் நகவெட்டி கொண்டுவந்தார். கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, ஒவ்வொரு விரலாக மெதுவாகப் பிரித்து வெட்டினார். சுருட்டின சின்னத் துணி ஒன்றை உள்ளங்கையில் பிடிக்க வைத்தார். அரை மணி நேரம் ஆனது. கிளம்புவதற்கு முன்னால் ஜெபம் செய்தார், இரண்டே வாக்கியம். அதற்கு முன்னும் பின்னும் எங்கள் வீட்டில் நீளமான ஜெபங்கள் நிறைய ஏறெடுக்கப்பட்டிருக்கின்றன. எனக்கு ஞாபகம் இருப்பது இந்த இரண்டு வாக்கியம்தான்.

எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் என்றாலே திட்டுகிறோம். அவர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தை மறந்துவிடுகிறோம். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு எழுந்து போயிருந்தால் வேதத்திலேயே மிகச் சிறந்த சிநேகிதர்கள் என்று பெயர் வாங்கியிருப்பார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. எங்கள் வீட்டுக்கும் அப்படி வந்தவர்கள் உண்டு. மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள் என்று என் கணவர் காது கேட்கவே ஒருவர் சொன்னார். பேச்சுத்தான் போனது, காது நன்றாகக் கேட்கும். அவர் யார் என்பது இங்கே தேவையில்லை.

வாலிபர் கூட்டத்தில் கித்தார் வாசிக்கிற ஒரு தம்பி வருவான். அவனிடம் இருந்த ஒரு குணம் பெரியவர்கள் பலரிடம் இல்லை: அவனுக்குக் காத்திருக்கத் தெரியும். என் கணவர் ஒரு சொல்லைத் தேடித் திணறும்போது நாங்கள் எல்லாரும், நான் உட்பட, அவசரப்பட்டு எடுத்துக்கொடுப்போம். "தண்ணீரா? ஃபேனா? வலிக்கிறதா?" அவருக்குக் கோபம் வரும். தம்பி பேசாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், சொல் வருகிறவரைக்கும். சதுரங்கப் பலகை கொண்டுவருவான். என் கணவர் இடது கையால் காய் நகர்த்துவார். பையன் விட்டுக்கொடுத்து ஆடவே மாட்டான். பாவம், ஒரு ஆட்டமாவது தோற்றுக்கொடேன் என்று நான் ஒருநாள் தனியாகச் சொன்னேன். "அக்கா, அவருக்குத் தெரிஞ்சிரும்" என்றான். அவன் சொன்னது சரி. இரக்கப்பட்டு ஆடுகிறவனோடு ஆட யாருக்குத்தான் பிடிக்கும்? கடைசியில் அவர் நேர்மையாகவே ஜெயித்த அன்று, ராஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு தெளிவாக ஒரு வார்த்தை சொன்னார்: "போ!" வீடே சிரித்தது.

பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அவர் எந்த ஆலயத்துக்கும் போகாதவர், கடவுள் பேச்சு எடுத்தால் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார். அந்த மாதங்களில் எங்கள் வீட்டுக் குப்பை எப்படிக் காலையில் காணாமல் போகிறது என்று வெகுநாள் எனக்குத் தெரியாது. ஒழுகின குழாய்க்கு வாஷர் மாற்றியதும் அவர்தான். இயேசு அந்தக் கதைக்குச் சமாரியனைத் தேர்ந்தெடுத்தது, நம்மவர்களிடம்தான் இரக்கம் இருக்கிறது என்று நாம் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவும் இருக்கலாம். கதையைக் கேட்ட யூத நியாயசாஸ்திரிக்கு, தன் இனத்தார் வெறுத்த சமாரியன் என்ற பெயரைக்கூட வாயால் சொல்ல மனசில்லை; அவனுக்கு இரக்கஞ்செய்தவனே என்றுதான் பதில் சொல்கிறான்.

மறுபக்கமும் உண்டு. சபைக்கு வெளியிலிருந்து வந்த ஒரு நற்சான்றிதழ் சரித்திரத்தில் இருக்கிறது, கொடுத்தவருக்குக் கொடுக்க விருப்பமே இல்லை. நான்காம் நூற்றாண்டில் ஆண்ட ரோமப் பேரரசர் ஜூலியன் கிறிஸ்தவத்தை விட்டுவிட்டுப் பழைய தெய்வ வழிபாட்டை மீட்கப் பாடுபட்டவர். கலாத்தியாவிலிருந்த தன் பூசாரி ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தில் எரிச்சலோடு ஒப்புக்கொள்கிறார்: இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் சேர்த்துப் போஷிக்கிறார்கள், நம் ஆட்கள் நம்மிடமிருந்து உதவியில்லாமல் இருப்பது வெட்கக்கேடு என்று. அந்நியரை உபசரிப்பதையும் செத்தவர்களை அடக்கம் செய்வதில் காட்டும் கரிசனத்தையும் குறிப்பிட்டுச் சொல்கிறார். ஊருக்கு ஊர் சத்திரம் கட்டுங்கள் என்று உத்தரவும் போட்டார். 363-இல் போரில் இறந்துபோனார். அவர் காலத்துச் சபையில் உபதேசச் சண்டைக்குக் குறைவே இல்லை. ஆனாலும் பகைவன் கண்ணில் பட்டது சாப்பாடும் அடக்கமும்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் வந்து போகிறவர்களின் கருணை. வீட்டுக்குள்ளேயே இருக்கிறவர்களுடையது வேறு விதம், அதைப் பற்றி யாரும் பிரசங்கிப்பதில்லை. என் கணவர் அந்த நாட்களில் அருமையான நோயாளியாக இல்லை. டம்ளரைத் தட்டிவிடுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நாள் போனது.

நான் புராட்டஸ்டன்ட் வீட்டுப் பெண். ஆனால் கத்தோலிக்கர்கள் சிறுமலர் என்று அழைக்கிற தெரேசா அப்போது எனக்கு ரொம்ப நெருக்கமானார். பிரான்சில் லிசியு என்ற ஊரில் பதினைந்து வயசில் மடத்துக்குப் போனவர், 1897-இல் இருபத்துநான்கு வயசில் காசநோயில் இறந்தார். அந்த மடத்தில் நடக்க முடியாத, எதற்கும் குறை சொல்கிற ஒரு வயதான சகோதரி இருந்தார். சாயங்கால ஜெபம் முடிந்ததும் அவரைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போகிற வேலையைத் தெரேசா தானே கேட்டு வாங்கிக்கொண்டார். வேகமாகப் போனால் விழுந்துவிடுவேன் என்பாராம், மெதுவாகப் போனால் நீ என்னைப் பிடித்திருக்கிறாயா இல்லையா என்பாராம், இந்தச் சின்னப் பெண்ணுக்கு இந்த வேலை எதற்கு என்றும் புலம்புவாராம். ஒருவழியாக உட்கார வைத்துச் சட்டைக் கையை மடித்துவிட்டதும் வேலை முடிந்தது. ஆனால் முடங்கிய கைகளால் அவர் ரொட்டியை வெட்டச் சிரமப்படுவதைத் தெரேசா கவனித்தார். அதன்பிறகு கேட்காமலே வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போவார், போகும்போது தன்னால் முடிந்த நல்ல சிரிப்பு ஒன்றையும் தந்துவிட்டு. அந்த மூதாட்டியின் மனசைப் பிடித்தது கடைசியில் அந்தச் சிரிப்புதான்.

புனிதர் என்று பெயர் வாங்கியவரின் கணக்கில் வெட்டிக் கொடுத்த ரொட்டியும் இருக்கிறது என்பது எனக்கு அப்போது பெரிய ஆறுதல். இடுப்பில் தலையணை நகர்த்துவதும் அதே கணக்கில் சேருமே என்று நினைத்துக்கொள்வேன். சில நாள் சிரிப்பும் வரும். சில நாள் தலையணை மட்டும்தான்.

அவர் இப்போது கோலூன்றி நடக்கிறார். சொற்கள் முக்கால்வாசி திரும்பியிருக்கின்றன, கோபம் வந்தால் முழுசாகவே வருகின்றன. வியாழக்கிழமை மத்தியானம் எனக்கு ஓய்வாக இருக்கிறது.

போன மாதம் என் பழைய அலுவலகத் தோழி ஒருவரின் அப்பா இறந்துபோனார். அடக்கத்துக்குப் போய் வந்தேன், அன்றைக்கு அங்கே கூட்டம், நான் செய்ய ஒன்றும் இல்லை. கூட்டமெல்லாம் கலைந்த பிறகு போன வாரம் மறுபடி போனேன். அக்கா என்னிடம் கேட்டதுபோலவே, இப்போது உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருப்பது எது என்று கேட்டேன். அழுவாள், அப்பாவைப் பற்றிப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். உள்ளே போய் ஒரு துணிப்பை நிறையக் காகிதம் கொண்டுவந்து மேசையில் கொட்டினாள். மருத்துவமனை ரசீதுகள், காப்பீட்டுப் படிவங்கள், வங்கிக் கடிதங்கள். "இதைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

படிவம் நிரப்புவது எனக்கும் பரம விரோதி. தேதி வாரியாக ரசீதுகளை அடுக்குவதற்குள்ளேயே பொழுது போய்விட்டது, காப்பீட்டுப் படிவத்தில் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. சனிக்கிழமை என் கணவரையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். கூட்டல் கழித்தல் இடது கையாலும் அவருக்கு என்னைவிட நன்றாகவே வரும்.