தோல் உரிக்காத மட்டிப்பழம்

வீட்டுச் சாப்பாட்டை அண்ணன் நிறுத்தியதற்கு நாங்கள்தான் காரணம். மாத்திரையைத் துப்புகிறான் என்று அம்மா அதைப் பொடித்து மீன் குழம்பில் கலந்தாள். ஒரு நாள் தட்டோரத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. "சோத்துல என்னமோ கலந்து வச்சிருக்கு" என்று அவன் பயந்தபோதெல்லாம் அப்படி ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்தவர்கள் நாங்கள். அப்புறம் பதினோரு நாள் மட்டி வாழைப்பழமும் அவித்த முட்டையும்தான். தோலை அவனே உரிப்பான், ஓட்டை அவனே உடைப்பான்.

குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. அவன் ரப்பர் பால் வெட்டுகிறவன். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போக வேண்டும். அந்த இருட்டில் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகத்தான் முதலில் சொன்னான். ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்ற பெயர் எங்கள் காதில் விழுமுன்பே மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று, ஜெபமும் வைத்தாயிற்று. மனநோய்க்காரர்களைக் கொண்டு விடும் தர்கா இருக்கிற ஏர்வாடியில் விடச் சொன்னவர்களும் உண்டு. 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை அப்பா மறக்காததால் தப்பித்தோம்.

பதினோராவது நாள் ராத்திரி 14416-க்குப் போன் செய்தேன். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. மருந்தை எப்படிக் கொடுப்பது என்று கேட்கத்தான் அழைத்தேன். பேசிய பெண்ணோ, "இப்போ அவருக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை நாளில் அவனிடம் அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். "அண்ணே, குழம்புல மாத்திரை போட்டது நாங்கதான். இனி போட மாட்டோம்." அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உறக்கம் வரல்ல மக்கா" என்றான்.

உறக்கத்துக்காகத்தான் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தான். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. உறக்கமும் வரும், அந்தப் பேச்சுச் சத்தமும் குறையும் என்று அவனிடமே சொன்னார். தினமும் மாத்திரையா, இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசியா என்பதை அவனிடமே விட்டார். ஊசி என்றான்.

இரண்டு மாதத்தில் ஊசியால் கை நடுங்கத் தொடங்கியது. பால் வெட்டும்போது உள்ளே ஒரு மில்லிமீட்டர் போலப் பட்டையை விட்டுத்தான் சீவ வேண்டும். அவன் கத்தி பட்டையைத் தாண்டி உள்தடியில் பட்டு மரம் காயமானது. நான் பயந்தது இதற்குத்தான், ஊசியையும் விட்டுவிடுவானோ என்று. ஆனால் அவனே டாக்டரிடம் கையை நீட்டிக் காட்டினான். ஊசியின் அளவைக் குறைத்து, நடுக்கத்துக்கு ட்ரைஹெக்சிபெனிடில் என்ற மாத்திரையும் சேர்த்தார்கள். இப்போது பொழுது வெளுத்த பிறகு, வீட்டுப் பக்கத்து மரங்களை மட்டும் வெட்டுகிறான். அதற்குள் வெயில் ஏறிவிடும், பால் குறைவுதான். சரி, குறையட்டும்.

ஊனமுற்றோர் சான்றிதழுக்குப் போன அன்று அம்மா அவனுக்குச் சட்டை தேய்த்துப் போட்டு, "இப்ப நல்லா இருக்கான்" என்று எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டாள். தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சு, வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். ஊனம் 40 சதவீதம் என்று வந்தால்தான் சலுகை. குளிக்கச் சொல்லித் தினமும் யார் பின்னால் நிற்கிறார்கள் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதை அவன் முன்னால் சொன்னது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மீன் குழம்பு இப்போது சாப்பிடுகிறான். சட்டியிலிருந்து அவனேதான் எடுத்து ஊற்றிக்கொள்கிறான். அந்த நேரம் அம்மா அடுக்களைக்குள் போவதில்லை.