ஆகஸ்ட் 15-க்கு வேலூர்: எதை முதலில், எதைக் கடைசியில்

சுதந்திர தினத்தன்று நண்பர்களோடு காரில் வேலூர் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குத்தான் நேரே போகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பழைய கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும். பொற்கோயில் இரவு 8 வரை திறந்திருக்கும். விளக்கொளியில்தான் அதற்கு அழகும்.

சென்னையிலிருந்து சுமார் 140 கி.மீ. விடிகாலை நாலரைக்கே வண்டியை எடுங்கள். ஃபாஸ்டேக்கில் முந்தின இரவே பணம் போட்டுவிடுங்கள். சுங்கச்சாவடி வரிசையில் நின்று ரீசார்ஜ் செய்தால் கணக்கில் ஏறுவதற்குள் கூடுதல் கட்டணம் கட்ட நேரிடும்.

ஏழரைக்குக் கோட்டை. அகழியை ஒட்டி ஒரு நடை, பிறகு ஜலகண்டேஸ்வரர் கோயில். உள்ளே நுழைந்ததும் சாமியைப் பார்க்க ஓடாமல் கல்யாண மண்டபத்தில் அரை மணி நேரமாவது நில்லுங்கள். யாளித் தூண்களைப் பார்த்தபின் அண்ணாந்து விதானத்தையும் பாருங்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது இந்தக் கோட்டைக்குள்தான். தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையும், நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் வந்த தடையும் அவர்களைக் கொதிக்க வைத்தன. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றே அடக்கிவிட்டது. ஆகஸ்ட் 15 காலையில் நிற்க இதைவிடப் பொருத்தமான இடம் வட ஆற்காட்டில் இல்லை. அரசு அருங்காட்சியகத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள், தேசிய விடுமுறைகளில் மூடியிருக்கும்.

பத்து மணிக்குள் பெங்களூரு சாலையில் விரிஞ்சிபுரம் கோயில். 'மதிலழகு' என்று பழமொழி சொல்லும் மதிலை வெளியே நின்றே பார்த்துவிட்டு, உள்ளே தென்பக்கம் இருக்கும் நேரம் காட்டும் கல்லுக்குப் போங்கள். அரைவட்டக் கல்லில் எண்கள் வெட்டியிருக்கும். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு ஈர்க்குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. நேர் வெயில் வேண்டும், மேகமூட்டமானால் பயனில்லை. கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுவிட்டுக் கல் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது, வேலூரோ 79.1 பாகையில் இருக்கிறது. அதனால் சூரியன் இங்கே பதின்மூன்றரை நிமிடம் தாமதமாகவே உச்சிக்கு வரும். ஆகஸ்ட் நடுவில் இன்னும் நாலரை நிமிடம் சேரும். ஆக, சூரிய நேரம் கடிகாரத்தைவிட ஏறக்குறைய 18 நிமிடம் பின்தங்கியிருக்கும்.

பன்னிரண்டரைக்குள் ஆம்பூர். சீரகச் சம்பா பிரியாணி, கத்திரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி. விடுமுறை நாளில் தாமதித்தால் அண்டா காலியாகிவிடும். அங்கிருந்து ஏலகிரி கிட்டத்தில்தானே என்று ஆசை வரும். வேண்டாம். 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஊர்ந்து ஏறும் நாள் அது. ஏற்றத்தில் அரைக் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்தால் கிளட்ச் தட்டு கருகும். போயே ஆகவேண்டுமென்றால் நிற்கும்போதெல்லாம் கைப்பிரேக் போடுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரை விடாதீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும்.

நாலரைக்கு ஸ்ரீபுரம். அரைக்கால் சட்டை, லுங்கியோடு விடமாட்டார்கள். வேட்டியோ பேன்ட்டோ காரில் இருக்கட்டும். கைப்பேசிக்கும் உள்ளே அனுமதியில்லை. நட்சத்திர வடிவ நடைபாதை சுமார் 1.8 கி.மீ. கூட்டத்தில் ஒருவரையொருவர் தவறவிட்டால் அழைக்க வழியில்லை. அதனால் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் கூடுவது என்று நுழையுமுன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையிலாவது கடிகாரம் இருக்கட்டும்.