மூன்றாவது வாரத்தைக் கணித்தல்

ஏற்காடு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் ஏறிக் கடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், மூன்று வார சைக்கிள் பந்தயங்களின் ஒட்டுமொத்தப் பட்டம் யாருக்கு என்பதைப் பற்றியே நானும் என் தம்பியும் பேசிக்கொண்டு போவோம். முதல் வாரத்தில் முந்துபவர்களை வைத்து அவன் கணிப்பான். களைப்பு சேர்ந்துவிட்ட மூன்றாவது வாரத்தில் ஒரு மோசமான நாளைத் தவிர்க்கக்கூடியவர் யார் என்றே நான் பார்ப்பேன்.

2023இல் பிரான்ஸின் மூன்று வாரப் பந்தயமான டூர் டி பிரான்ஸில், 16ஆம் கட்டத்துக்கு (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) முன்பு, பட்டத்துக்குப் போட்டியிட்ட வீரர்கள் விங்கெகோருக்கும் போகாச்சருக்கும் இடையே இருந்தது வெறும் 10 விநாடி. அன்றைய 22.4 கிலோமீட்டர் தனிநபர் நேரப் போட்டியில் (ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுவது) விங்கெகோர் 1 நிமிடம் 38 விநாடி ஈட்டினார். மறுநாள் கோல் டி லா லோஸ் ஏற்றத்தில் போகாச்சர் முற்றிலும் தளர்ந்துபோக, இரண்டு வாரமாக ஊசலாடிய போட்டி இரண்டே நாளில் தீர்ந்தது.

அணியின் துணையையும் கணக்கில் எடுக்க வேண்டும். இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவில், 2025இன் 20ஆம் கட்டத்தில், ஃபினெஸ்ட்ரே மலையில் சைமன் யேட்ஸ் திடீரென வேகமெடுத்து முந்தியபோது, அவருடைய அணித்தோழர் வான் ஆர்ட் முன்கூட்டியே கூட்டத்தை விட்டு முன்னேறி, அவருக்குத் துணையாக ஓட்ட மலைக்கு அப்பால் காத்திருந்தார். பின்னால் அவருடைய போட்டியாளர்களான டெல் டோரோவும் கராபாசும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நேரத்தை இழந்தனர்.

2023இல் அப்படித் தளர்ந்தாலும், அடுத்த டூருக்கு என் கணிப்பில் போகாச்சர்தான் முதலிடம், விங்கெகோர் இரண்டாமிடம். மூன்றாமிடத்துக்குத் தம்பி சொல்லும் டெல் டோரோவை நானும் ஏற்றுக்கொள்கிறேன்.